பட்டாளத்து வண்டிக்கு ஒரு சுவிட்ச்

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யோவான் ஒரு சபதம் எடுத்தார். தன் மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் இருக்கிற சுவிட்சுகள் அத்தனையையும் தன் கையாலேயே பிரித்து, தன் கையாலேயே சரிசெய்து, ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி மனைவி ஸ்டெல்லாமேரியைப் பின்னால் உட்காரவைத்து, காமநாயக்கன்பட்டி மாதா கோயில் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று.

எடுத்தார் என்று எழுதுவது ஒரு மரியாதைக்கு. எடுக்கவைக்கப்பட்டார்.

அந்த மோட்டார் சைக்கிள் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. ராணுவ ஏலத்தில் ஊருக்கு வந்து, நாலு கை மாறி, யோவான் கைக்கு வந்தபோது அதற்கு அவரைவிட வயது அதிகம். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் அதற்குப் பெயர் பட்டாளத்து வண்டி. அது கிளம்பினால் அடைகாக்கிற கோழி எழுந்துவிடும். தூங்குகிற பிள்ளை எழுந்துவிடும். கிளம்பவேண்டும், அதுதான் விஷயம்.

யோவான் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் பிரிவுக்கு மேற்பார்வை. வாரத்தில் ஆறு நாள் மயில், மான், ரோஜாப்பூ என்று லேபிள் எண்ணுகிறவர் ஏழாம் நாள் மத்தியானம் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு கடம்பூர் போவார். இரண்டு போளி தின்பார். ஒரு டீ குடிப்பார். திரும்பி வருவார். போளிக்காகப் போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் போனது பேச்சில்லாத அந்த ரோட்டுக்காக. இரண்டு பக்கமும் கரிசல் காடு, நடுவில் இவர், வாயைத் திறக்க ஆளில்லை. வீட்டில் பதினெட்டு வருஷமாக அவர் ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாக முடித்தது கிடையாது. பாதி வாக்கியத்தில் அவர் மூச்சு வாங்கினால் மீதியை ஸ்டெல்லா முடித்துவிடுவாள். வேறு மாதிரி முடித்துவிடுவாள்.

கல்யாணமான புதிதில், எண்பதாம் வருஷம், அவளை ஒருதடவை எட்டயபுரம் கூட்டிப்போனார். ஒரே தடவை. "பைய", "இடது பக்கம் சைக்கிள்", "கியர மாத்துங்க", "இப்ப ஏன் மாத்துனீங்க" என்று போக வர முப்பது கிலோமீட்டருக்கும் வண்டியைப் பின்சீட்டிலிருந்து அவள்தான் ஓட்டினாள். இவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். அன்றோடு சரி. அதற்குப்பிறகு அவள் எப்போது கேட்டாலும் வண்டியில் ஏதாவது ஒன்று கெட்டுப்போயிருக்கும். செயின் சரியில்லை. டயர் வழுக்கை. கார்பரேட்டரில் தண்ணீர். ஒவ்வொன்றையும் அவள் கூடவே நின்று சரிபண்ணவைத்தாள். தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஜூனில் அவர் கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சாக்கு.

"போலாம்லா. ஆனா பாரு, ஹாரன் அடிக்க மாட்டேங்கு. டிம் பிரைட் சுவிட்சும் போச்சு. திரும்பி வரும்போது எதிர்ல லாரிக்காரன் வந்தான்னா..."

"இருட்டுமுன்ன வந்திருவோம்."

"அப்ப ஹாரன்?"

"சரி பண்ணுங்க."

"இந்தச் சாமானெல்லாம் இங்கன கிடைக்காது ஸ்டெல்லா. லண்டன்ல இருந்து வரணும்."

"சரி, நீங்க லண்டனுக்கு லெட்டர் எழுதுங்க. நான் மூணாம் தெருவுக்குப் போயி இசக்கியப்பனக் கூட்டிட்டு வாரேன்."

இசக்கியப்பன் மெக்கானிக். எதையும் கால் மணி நேரத்தில் சரிபண்ணிவிடுவான். யோவான் வண்டியை மறைத்துக்கொண்டு நின்றார்.

"என் வண்டில இன்னொருத்தன் கை வைக்கதா? நான் உசுரோட இருக்க வரைக்கும் நடக்காது!"

"அப்ப நீங்களே வைங்க. எப்ப முடிப்பீங்க?"

"முடிப்பேன்."

"எப்ப?"

மதில் மேல் இரண்டு முழங்கை தெரிந்தது. அடுத்த வீட்டுச் சொர்ணத்தாய். ஊருக்கெல்லாம் தெரியவேண்டிய விஷயத்துக்கு மைக் செட் கட்டவேண்டியதில்லை, சொர்ணத்தாய் மதிலோரம் வந்தால் போதும்.

"அண்ணாச்சி செஞ்சிருவாவ அக்கா. ஆகஸ்டு பதினஞ்சுக்குத்தான் இன்னும் ரெண்டு மாசம் கெடக்கே. என்னண்ணாச்சி?"

"ஆமா," என்றார் யோவான். சபதம் முடிந்தது.

*

ஜூலை முதல் ஞாயிறு. முற்றத்தில் பேப்பர் விரித்து, வண்டியை நிறுத்தி, யோவான் உட்கார்ந்தார். ஸ்டெல்லா பக்கத்தில் சாக்கில் ஐந்து படி உளுந்தைக் காயப்போட்டிருந்தாள். இடது கைப்பிடியில், ஹெட்லைட் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம் பிரைட் சுவிட்ச். இரண்டே இரண்டு திருகு. ஒன்றைக் கழற்றினார். இரண்டாவதைக் கழற்றினார்.

டிங்.

ஒரு ஸ்பிரிங் வந்து நெற்றியில் அடித்தது. அதற்குப் பின்னால் மிளகளவு ஒரு பால்ரஸ் இரும்புக் குண்டு இருந்தது. அது எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. கறுப்பு உளுந்து. ஐந்து படி. எண்ணெயில் ஊறிய அந்தக் குண்டும் கறுப்பு.

யோவான் முழங்காலில் நின்று ஒவ்வொரு உளுந்தாக எடுத்துப் பார்த்தார். அரைமணி நேரத்தில் ஒரு கைப்பிடி முடிந்தது. இந்தக் கணக்கில் கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிடலாம்.

"என்னத்தத் தேடுதீங்க?"

"ஒண்ணுமில்ல."

"எத்தன?"

"...ஒண்ணு."

ஸ்டெல்லா சுளகை எடுத்து வந்தாள். நாலு புடைப்பு. கனமான குண்டு தனியாக ஒரு மூலையில் வந்து நின்றது. அதை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "உளுந்துல கல்லு பொறுக்காம வாழ்ந்தவங்களுக்கு எல்லாமே கஷ்டந்தான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு. ஹாரன் பட்டன். உள்ளே இருந்த பித்தளைப் பாயிண்டெல்லாம் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்க்கவேண்டும். கடையில் கேட்டால் கொடுப்பான். ஆனால் இருபது வருஷமாகத் தீப்பெட்டியோடு வாழ்கிற மனிதருக்கு உப்புத்தாள் வாங்கக் கடைக்குப் போவது தன்மானக் குறைச்சலாகப் பட்டது. வீட்டில் பரண் நிறையத் தீப்பெட்டி. பெட்டியில் குச்சியை உரசுகிற பக்கம் சொரசொரப்பாகத்தானே இருக்கிறது? அதை வைத்துத் தேய்த்தார். பச்சை போனது. பித்தளை மின்னியது. தேய்த்த மருந்து முழுக்கப் பாயிண்டின் இடுக்கில் போய்த் தங்கியதையும், அதற்குப் பக்கத்தில் ஒரு மின்சாரப் பொறி வரப்போகிறது என்பதையும் அவர் யோசிக்கவில்லை. கம்பெனியில் லேபிள் பிரிவுக்கும் மருந்துப் பிரிவுக்கும் இடையில் பெரிய சுவர் உண்டு.

பாட்டரியை மாட்டினார். காதை அருகில் வைத்து, பட்டனை அமுக்கினார்.

பட்!

அடுப்படியிலிருந்து குரல். "ஹாரன் அடிச்சிட்டா?"

"இல்ல."

"பின்ன என்ன சத்தம்?"

"மீச."

இடது பக்க மீசை பாதிக்குமேல் போயிருந்தது. வலது பக்கத்தை அவரே எடுத்துவிட்டார். திங்கட்கிழமை கம்பெனியில் வாட்ச்மேன் அவரை உள்ளே விடப் பெயர் கேட்டான்.

ஜூலை கடைசி ஞாயிறு வயர்கள். ஐந்து வயர். ஒருகாலத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று இருந்திருக்கும். ஐம்பது வருஷக் கரிசல் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து எல்லாவற்றையும் ஒரே ஜாதியாக்கிவிட்டது. எது எங்கே போகிறது என்று ஒரு தாளில் படம் போட்டு வைத்திருந்தார். ஆடிக்காற்று. எங்கள் ஊர் ஆடிக்காற்று கொடியில் கிடக்கிற ஈரச் சேலையையே உருவிக்கொண்டு போகும், ஒரு தாளை விடுமா? படம் மதிலைத் தாண்டி, ரயில்வே லைனைத் தாண்டி, மணியாச்சிப் பக்கமாகப் போனது. யோவான் ஞாபகத்தில் வயர்களை முடுக்கினார். எல்லாம் மாட்டியபின் சோதித்தார்.

ஹாரன் பட்டனை அமுக்கினால் ஹெட்லைட் எரிந்தது. ஹெட்லைட் சுவிட்சைத் திருப்பினால் ஒன்றுமே நடக்கவில்லை. டிம் பிரைட் சுவிட்சை இடது கட்டைவிரலால் தள்ளினால் இன்ஜின் நின்றது.

யோவான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இனி இசக்கியப்பன்தான். அவன் வருவான், கால் மணி நேரத்தில் முடிப்பான், பதினைந்தாம் தேதி பின்சீட்டில் குரல் ஏறும். பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஏறும். கடம்பூர் ரோடு போனது. உலகத்தில் தனக்கென்று இருந்த ஒரே மௌனமும் போனது. கண் கலங்கக்கூடச் செய்தது.

சும்மா அந்தச் சுவிட்சை இன்னொருதடவை தள்ளினார். இன்ஜின் நின்றது. சத்தமில்லாமல், குலுக்கலில்லாமல், யாரோ தூங்கிப்போன மாதிரி நின்றது. இன்ஜினை நிறுத்துகிற பட்டனுக்குப் போகவேண்டிய வயரைத் தெரியாமல் இதில் கொடுத்துவிட்டார் போல. திரும்ப இழுத்துவிட்டு உதைத்தால் ஒரே உதையில் கிளம்பியது.

தள்ளினார். நின்றது. இழுத்தார். உதைத்தார். கிளம்பியது.

யோவான் மெதுவாகத் தலையிலிருந்து கையை எடுத்தார். பதினெட்டு வருஷத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு யோசனை வந்தது அன்றைக்குத்தான்.

"ஸ்டெல்லா! சுவிட்செல்லாம் சரி பண்ணிட்டேன். ஹாரன் மட்டும் கொஞ்சம் பாக்கி. அடுத்த வாரம் ஒரு வெள்ளோட்டம் போவமா? நீயும் நானும்!"

அடுப்படியில் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஸ்டெல்லா நிலைப்படிக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டையை மாற்றாமல், கையைக்கூடக் கழுவாமல் ஒரு புருஷன் இவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தால் எந்தப் பெண்டாட்டியும் பார்க்கத்தான் செய்வாள்.

*

ஆகஸ்ட் இரண்டாம் தேதி. ஸ்டெல்லா பச்சைச் சுங்குடிச் சேலை கட்டி, தோள்பையை மாட்டி, பின்சீட்டில் ஏறினாள். சொர்ணத்தாய் மதிலிலிருந்து கையாட்டி வழியனுப்பினாள். ரயில்வே கேட் வரை ஒரு குறையும் இல்லை, காதைத் தவிர.

"பைய. இடது பக்கம் ஆடு. கியர மாத்துங்க. கியரு கத்துது, கேக்கலயா? அங்கன பள்ளம் பாருங்க. பாத்தீங்களா? பாத்துட்டு ஏன் அதுலயே விட்டீங்க?"

யோவானின் இடது கட்டைவிரல் அரை அங்குலம் நகர்ந்தது.

வண்டி நின்றது.

"என்னாச்சு?"

"தெரியலயே. கொஞ்சம் இறங்கு, பாப்போம்."

அவள் இறங்கினாள். ஒரே உதை. கிளம்பியது. ஏறினாள். ஐம்பது அடி. நின்றது. இறங்கினாள். கிளம்பியது. மூன்றாம் தடவை வெயிலில் புளியமரத்தடியில் நின்றபோது யோவான் முகத்தை ரொம்ப வருத்தமாக வைத்துக்கொண்டார். நல்ல நடிகர். இத்தனை வருஷம் வீணாகிவிட்டது.

"ஒண்ணு சொன்னா கோவப்படக்கூடாது ஸ்டெல்லா."

"சொல்லுங்க."

"வண்டி பழசு. ரெண்டு பேரத் தாங்க மாட்டேங்கு. முத ஆளத் தாங்குது. அதாவது... ரெண்டாவது ஆளத்தான்..."

"நான் கனமா இருக்கேங்கீங்க."

"நான் சொல்லல. வண்டி சொல்லுது."

ஸ்டெல்லா ஒன்றும் பேசவில்லை. ஒன்றும் பேசாத ஸ்டெல்லாவை யோவான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதனால் அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய இடது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் அவர் கவனிக்கவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க. நான் மினி பஸ்ஸுல வீட்டுக்குப் போறேன்."

யோவான் கடம்பூர் போனார். அன்றைக்குப் போளி நாலு தின்றார். ரோட்டில் பாட்டுக்கூடப் பாடினார். வழக்கமாக அவளுக்கு ஒரு போளி வாங்கி வருகிறவர், குற்ற உணர்ச்சி கொஞ்சம் இருந்ததால் அன்றைக்கு இரண்டு, இலையில் கட்டி, வாங்கி வந்தார்.

"நல்லாருக்கு," என்றாள் ஸ்டெல்லா, ஆறிப்போன போளியைப் பிய்த்தபடி. "ஏங்க, அந்த டிம் பிரைட் சுவிட்ச எங்கிட்டுத் தள்ளணும்? வலதா, இடதா?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"அதுவும் சரிதான்."

அந்த வாரம் வீட்டில் அப்படி ஒரு சமாதானம். ஸ்டெல்லா கோபப்படவில்லை. குத்திக்காட்டவில்லை. புதன்கிழமை தையல் மிஷினில் உட்கார்ந்து, வண்டியின் பின்சீட்டுக்கு மெரூன் கலரில் ஓரம் வைத்து ஒரு உறை தைத்தாள்.

"அது எதுக்குட்டி?"

"கிழிஞ்சி பஞ்சு தெரியுது. நான் உக்காராட்டி என்ன, ஊருக்குள்ள லெச்சணமாப் போகணும்லா?"

யோவானுக்குக் கஷ்டமாகிவிட்டது. எவ்வளவு நல்லவள். இவளையா ஏமாற்றினோம்? பரவாயில்லை, அடுத்த ஞாயிறு மூன்று போளி வாங்கி வருவோம் என்று முடிவுசெய்தார். மெரூன் உறையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்சீட்டு என்கிற ஒன்றை அவர் பதினெட்டு வருஷமாகவே பார்ப்பதில்லை.

அதே வாரம் சொர்ணத்தாய் வீட்டு ஃபிரிட்ஜில் லைட் எரியாமல் போனது. ஃபிரிட்ஜ் செத்து இரண்டு வருஷமாகிறது. குளிராது. அதில் அவள் வடகமும் மோர்மிளகாய் வத்தலும் போட்டு வைத்திருந்தாள். கதவைத் திறந்தால் உள்ளே பல்பு மட்டும் ஜோராக எரியும், மூடினால் அணையும், அதில் அவளுக்கு ஒரு பெருமை. இப்போது அதுவும் இல்லை. ஆனால் சொர்ணத்தாய் அதைப்பற்றி ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அவள் ஒன்றை வெளியில் சொல்லவில்லை என்றால் யோவான் அப்போதாவது உஷாராகியிருக்க வேண்டும்.

*

ஒன்பதாம் தேதி, ஞாயிறு. வெள்ளைச் சட்டை. கொஞ்சம் சென்ட். கிக்கரை உதைத்தார்.

வண்டி கம்மென்று இருந்தது.

பத்து உதை. இருபது. ஸ்பார்க் பிளக்கைத் துடைத்தார். பெட்ரோலைப் பார்த்தார். முப்பது. டிம் பிரைட் சுவிட்சை இழுத்துவிட்டு உதைத்தார், தள்ளிவிட்டு உதைத்தார், கும்பிட்டுவிட்டு உதைத்தார். சட்டை உடம்போடு ஒட்டியது. நாற்பத்தாறாவது உதையில் கிக்கர் திரும்பி அவர் கணுக்காலை உதைத்தது.

ஹேண்டில்பாரைப் பிரித்தார். எப்படியும் தன்னுடைய வயரில்தான் தப்பு இருக்கும். டிம் பிரைட் சுவிட்ச் உள்ளே பளபளவென்று சுத்தமாக இருந்தது. வயர் நுனியெல்லாம் அழகாக ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. நாம் இவ்வளவு நன்றாகவா செய்தோம் என்று அவருக்கே ஆச்சரியம். அந்த வேதனையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஒன்றையும் தொடாமல் மூடிவிட்டார்.

வீட்டு மாடத்திலிருந்த தீர்த்தத்தைக் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் தெளித்தார். அதற்கும் கிளம்பவில்லை.

"கிளம்பலயா?" ஸ்டெல்லா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ரெண்டு பேரத் தாங்காதுன்னீங்க. இப்ப ஒத்தையாளயும் தாங்கலயோ?"

"நீ வேற."

"நான் கொஞ்சம் உக்காந்து பாக்கட்டா?"

"உக்காந்தா? உன் வெயிட்டும் ஏறினா கிளம்பிருமாக்கும்? இது என்ன..."

அவள் ஏறி உட்கார்ந்தாள். எரிச்சலில் அவர் ஒரு உதை உதைத்தார்.

பட்டாளத்து வண்டி கிளம்பியது. தெருவில் கோழிகள் எழுந்தன.

யோவான் திரும்பி அவளைப் பார்த்தார். "இறங்கு," என்றார். இறங்கினாள். நின்றது. "ஏறு." ஏறினாள். உதைத்தார். கிளம்பியது. "இறங்கு." நின்றது. "ஏறு." கிளம்பியது.

மதில் மேல் முழங்கை. "என்னண்ணாச்சி, அக்காவ வச்சித் தோப்புக்கரணம் போடுதீங்க?"

"ஸ்டெல்லா, இது எப்படிட்டி?"

"எனக்கென்ன தெரியும்? ரிப்பேர் பண்ணுனது நீங்க."

அன்று யோவான் கடம்பூர் போகவில்லை. பொழுது சாயும்வரை முற்றத்தில் வண்டிக்கு எதிரில் உட்கார்ந்து அதன் ஹெட்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் இவரையே பார்த்தது. வண்டிக்கு ஆள் அடையாளம் தெரிகிறதா? இல்லை, தான் செய்த பாவம்தான் வந்து வயருக்குள் புகுந்துகொண்டதா? சுவாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா என்றுகூட யோசித்தார். என்னவென்று சொல்வது? சுவாமி, டிம் பிரைட் சுவிட்சால் பாவம் செய்தேன் என்றா?

*

பதினைந்தாம் தேதி காமநாயக்கன்பட்டிக்குப் போனார்கள். வேறு வழி? அவள் ஏறினாள், வண்டி கிளம்பியது.

"பைய. மாட்டுவண்டி. ஒதுங்குங்க. ஏன் ஒதுங்குதீங்க, அவன்லா ஒதுங்கணும்? பருத்தி இந்த வருஷம் காஞ்சில்லா போச்சு. ரோட்டப் பாருங்க, பருத்தியப் பாக்காதீங்க."

ஐந்தாவது கிலோமீட்டரில் யோவான் பொறுக்கமுடியாமல் கட்டைவிரலை நகர்த்தினார். சுவிட்சைத் தள்ளினார். க்ளிக். இன்ஜின் நிற்கவில்லை. இழுத்தார். க்ளிக். தள்ளினார். க்ளிக். எதிரே டி.வி.எஸ்.ஸில் வந்த ஆள் கையை விரித்து மூடி விரித்து மூடிக் காட்டினான்.

"அண்ணாச்சி! பகல்ல லைட்டு எரியுது!"

டிம். பிரைட். டிம். பிரைட். அந்தச் சுவிட்ச் தன் ஆயுளில் முதல்முறையாகத் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. யோவானுக்கு அழுகை வந்தது.

திருவிழா மைதானத்தில் ஸ்டெல்லா இறங்கினாள். வண்டி நின்றது. அவள் மெழுகுதிரி வாங்கி வருகிறேன் என்று கூட்டத்துக்குள் போனாள். யோவான் கிளம்பாத வண்டியில் ஊன்றிக்கொண்டு நின்றார். ராட்டினத்துப் பக்கமிருந்து ஒருத்தன் சிரித்துக்கொண்டே வந்தான். இசக்கியப்பன்.

"அண்ணாச்சி! வண்டி எப்படி? மதினி வச்ச சுவிட்ச் வேல செய்யுதா?"

"எந்தச் சுவிட்சு?"

"பின்சீட்டுக்கு அடில வச்சிருக்காவல்லா, ஃபிரிட்ஜ் கதவுல இருக்கிற சுவிட்சு. கதவ மூடினா அமுங்கி லைட்டு கட்டாகும்லா, அதே கணக்குதான். ஆள் உக்காந்தா அமுங்கும், இன்ஜின் ஓடும். எந்திரிச்சா விடும், இன்ஜின் நின்னுரும். திருடன் தனியாக் கொண்டுபோக முடியாதுல்லா? என்ன மூள! நான் வயரும் ஈயமும்தான் குடுத்தேன் அண்ணாச்சி. ஒட்டுனதெல்லாம் மதினிதான். ஹாரனயும் சரி பண்ணித் தாரேன்னேன், அது வேண்டாம்னுட்டாவ."

யோவான் மெரூன் உறையைத் தூக்கிப் பார்த்தார். சீட்டு ஸ்பிரிங்குக்கு நடுவில் சின்னதாக, வெள்ளையாக, சொர்ணத்தாய் வீட்டு ஃபிரிட்ஜின் சுவிட்ச். அதிலிருந்து ஒரு வயர் சேஸிஸோடு சேர்த்து நூல் கட்டி, நேராக, ஹேண்டில்பாருக்குப் போனது.

மெழுகுதிரியோடு ஸ்டெல்லா வந்து நின்றாள்.

"பாத்துட்டீங்களா?"

"இத இப்பவே பிச்சி எறியுதேன்!"

"எறிங்க. எறியுமுன்ன ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. அந்த வயரு மொதல்ல டிம் பிரைட் சுவிட்சுல எதுக்குப் போய்க் கெடந்துச்சு? இசக்கியப்பனும் பத்து நாளா என்னட்ட கேட்டுட்டு இருக்கான்."

"ஆமாண்ணாச்சி," என்றான் இசக்கியப்பன், நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையில். "முப்பது வருசமா தொழில் பாக்கேன். இன்ஜின நிப்பாட்டுத வயர யாராவது அதுல குடுப்பாவளா?"

சுற்றிலும் கூட்டம். ராட்டினம் கீச்சிட்டது. மாதா உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யோவான் உறையை இழுத்து மூடினார். ஓரத்தைக்கூட நீவிவிட்டார்.

"இதெல்லாம் நீ எங்க படிச்ச?"

"கான்வென்டுல. காலிங்பெல் எப்படி அடிக்குதுன்னு பன்னெண்டு வயசுலயே சிஸ்டர் கழட்டிக் காட்டிட்டாவ. நீங்க ஒருதடவ கேட்டிருந்தா நானே சுவிட்சு எல்லாத்தயும் பாத்துக் குடுத்திருப்பேன். மீசையும் இருந்திருக்கும்."

யோவான் மேலுதட்டைத் தடவினார்.

பூசை முடிந்தது. மெழுகுதிரி ஏற்றினார்கள். ஸ்டெல்லா தோள்பையை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். பட்டாளத்து வண்டி கிளம்பியது.

"வீட்டுக்குத்தான?" என்றார் யோவான், செத்த குரலில்.

"வீட்டுல என்ன இருக்கு? கடம்பூருக்கு விடுங்க. பதினெட்டு வருசமா ஆறுன போளிதான் தின்னுட்டு இருக்கேன்."

கடம்பூர் ரோடு. இரண்டு பக்கமும் அதே கரிசல். அதே காற்று. நடுவில் இவர். ஒரு வளைவில் ரோடு முழுக்க ஆட்டு மந்தை, அதற்குப் பின்னால் ஒரு டவுன் பஸ். யோவான் பழக்கத்தில் வலது கட்டைவிரலால் ஹாரன் பட்டனை அமுக்கினார். ஹெட்லைட்கூட எரியவில்லை.

காதுக்குப் பின்னாலிருந்து கிளம்பியது.

"ஏலே! ஆட்ட ஒதுக்குலே! ஏய் டிரைவர், இடது பக்கமா வாங்க! கண்ணு தெரியலயா?"

ஆடுகள் ஒதுங்கின. ஆட்டுக்காரன் ஒதுங்கினான். பஸ் ரோட்டை விட்டே இறங்கியது. ஹாரனை ஏன் சரிபண்ணவேண்டாம் என்றாள் என்பது யோவானுக்கு அப்போதுதான் விளங்கியது.